சுவருக்கு எந்தப் பச்சை?

பட்டுப்புடவை எடுக்கப் போனால், கடை விளக்கை நம்பாமல் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் விரித்துப் பார்ப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். ஐந்தாறு வருஷம் கண்ணெதிரே நிற்கப்போகும் சுவருக்கு மட்டும், பெயிண்ட் கடைக்குள் நின்றபடியே ஷேடு கார்டில் விரலை வைத்துவிடுகிறோம்.

கேளம்பாக்கத்தில் எங்கள் படுக்கையறைக்குப் பச்சை அடிக்க நினைத்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். அடுத்தடுத்த கட்டங்களில் மூன்று பச்சைகள். கடையில் மூன்றும் ஒன்றாகவே தெரிந்தன. "சாம்பிள் அடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க சார். ரூம் முழுக்க அடிச்சப்புறம் மாத்தினா உங்களுக்குத்தான் செலவு" என்று தடுத்தவர் பெயிண்டர் அண்ணன்.

பிரைமர் அடித்த சுவரில், நடுவே வெள்ளை இடைவெளி விட்டு, இரண்டடிச் சதுரமாக மூன்றையும் இரண்டு கோட்டு அடித்தார். எங்கள் ஜன்னல் கிழக்கே, உப்பளமும் கோவளம் கழிமுகமும் இருக்கும் பக்கம் பார்த்தது. காலை ஏழு மணி வெயிலில் முதல் பச்சை கிளிப்பச்சையாகக் கூவியது. இரண்டாவது பாசிப்பயறு நிறம். மூன்றாவதில்தான் நீலமும் சாம்பலும் கலந்திருப்பது தெரிந்தது. ராத்திரி மஞ்சள் எல்.இ.டி.யைப் போட்டதும் கதை மாறியது: முதல் இரண்டும் இன்னும் மஞ்சளேறின, மூன்றாவது அமைதியாக அடங்கிவிட்டது.

காரணம் எளிது. தன்மேல் விழும் வெளிச்சத்தில் இருப்பதைத்தான் சுவர் திருப்பித் தர முடியும். 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் நீலம் குறைவு. 6500 கெல்வின் வெள்ளை விளக்கில் அதிகம். அதனால் ஒரு விளக்கில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நிறங்கள் இன்னொன்றில் பிரிந்துவிடும். இதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர்.

இன்னொன்றும் உண்டு. பகல் வெளிச்சத்தில் நம் கண் மிகக் கூர்மையாக உணர்வது 555 நானோமீட்டர் அளவிலுள்ள மஞ்சள் சாய்ந்த பச்சையை. போதாக்குறைக்கு, நான்கு சுவர்களும் ஒன்றின்மேல் ஒன்று நிறத்தை வீசிக்கொள்ளும். கார்டில் இளசாக இருந்த பச்சை அறைக்குள் முற்றிப்போவது இதனால்தான். பிடித்த கட்டத்துக்கு ஒரு படி வெளிறியதை எடுப்பதே நல்லது.

நாங்கள் மூன்றாவதை அடித்தோம். நீங்களும் ஒரு பகல், ஒரு ராத்திரி பார்த்துவிட்டு முடிவெடுங்கள். தேவையான பெயிண்டை மொத்தமாக வாங்கி, ஒரே டிரம்மில் கலந்து அடிக்கச் சொல்லுங்கள். ஒரே எண் போட்டும் டப்பாவுக்கு டப்பா இம்மி மாறலாம். மூடியிலுள்ள ஷேடு எண்ணை மறக்காமல் எழுதி வையுங்கள்.