‘முதலிடம் வாங்கித் தருகிறேன்’ என்கிறாரா? எஸ்.இ.ஓ. நிபுணரை அமர்த்தும் முன் சில கேள்விகள்

என் பெரியம்மா நங்கநல்லூரில் வீட்டிலேயே பட்சணம் செய்து விற்கிறார். கல்யாணச் சீர் முறுக்கு, அதிரசம், மனோகரம், தீபாவளி லேகியம் எல்லாம் அவர் கையில் தயாராகும். அக்கம்பக்கத்துத் தெருக்களிலும் பழவந்தாங்கல் ஸ்டேஷன் வரையிலும் அவரை எல்லோருக்கும் தெரியும். ஆனால் வேளச்சேரியிலோ அடையாறிலோ இருப்பவர்களுக்குத் தெரியாது. "ஒரு வெப்சைட் வைத்துக்கொள்ளுங்கள் பெரியம்மா" என்று யோசனை சொன்னவன் நான்தான். சாப்ட்வேர் வேலையில் இருக்கும் பையன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் நம்பினார்.

வெப்சைட் தயாரான சில வாரங்களில் அவருக்கு ஒரு இமெயில் வந்தது. "உங்கள் தளம் கூகுளில் பின்தங்கி உள்ளது. 90 நாட்களில் முதலிடம், உத்தரவாதம்" என்று அதில் இருந்தது. பெரியம்மா எனக்குப் போன் செய்து கேட்டார். ஆபீஸில் வேலை மும்முரத்தில் இருந்த நான், "வேண்டுமானால் ஒருவரை வைத்துப் பாருங்கள்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அவர் ஆண்டுக்கு 40,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். ஆறு மாதம் கழித்துத்தான் அடுத்த போன் வந்தது.

"ஏண்டா, கூகுள்ல நம்ம பேர் முதல்ல வர்றது. ஆனா ஒரு ஆர்டர்கூட வரலையேடா?"

அன்று நான் உட்கார்ந்து பார்த்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இந்தக் கட்டுரையில் தருகிறேன். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதில் உங்கள் தொழிலுக்கு ஒரு வெப்சைட் அமைக்க நினைப்பவராக நீங்கள் இருந்தால், பணம் தரும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

கூகுள் எப்படித் தேடுகிறது?

நீங்கள் ஒரு சொல்லை டைப் செய்து என்டர் தட்டியவுடன் கூகுள் உலகம் முழுவதும் ஓடிப்போய்த் தேடுவதில்லை. அந்த வேலை முன்னரே முடிந்திருக்கும். இது மூன்று கட்டங்களில் நடக்கிறது.

முதலாவது, க்ராலிங். கூகுள்பாட் என்னும் புரோகிராம் ஒரு பக்கத்தில் இருக்கும் லிங்க்குகளைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கம், அதிலிருந்து இன்னொரு பக்கம் என்று போய்க்கொண்டே இருக்கும். இரண்டாவது, இன்டெக்ஸ். படித்த பக்கங்களில் என்ன இருக்கிறது என்பதைத் தன் பட்டியலில் குறித்து வைக்கும். மூன்றாவது, வரிசைப்படுத்துதல். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பொருத்தமான பக்கங்களைப் பட்டியலிலிருந்து எடுத்து வரிசையாகக் காட்டும்.

இந்த வரிசைக்கு அடிப்படையாக லாரி பேஜ், செர்கே பிரின் இருவரும் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய பேஜ்ராங்க் முறை அமைந்தது. ஒரு பக்கத்திற்கு எத்தனை நல்ல தளங்கள் லிங்க் தருகின்றன என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிடுவதுதான் அந்த முறை. 1998-ல் கூகுள் நிறுவனம் தொடங்கியது. இன்று இன்னும் பல அம்சங்கள் சேர்ந்து வரிசையை முடிவு செய்கின்றன. தேடுபவர் இருக்கும் இடமும் அதில் ஒன்று. நங்கநல்லூரில் தேடினால் வரும் வரிசை மதுரையில் தேடினால் வராது.

எஸ்.இ.ஓ. என்பது என்ன?

சர்ச் இன்ஜின் ஆப்டிமைசேஷன் என்பதன் சுருக்கம்தான் எஸ்.இ.ஓ. தேடுபவர்களும் கூகுளும் நன்றாகப் புரிந்துகொள்ளும்படி உங்கள் தளத்தைச் சீர் செய்வதே இந்த வேலை. இது ஏமாற்று வேலை அல்ல. இதை நேர்மையாகச் செய்யும் நிபுணர்கள் பலர் இருக்கிறார்கள். பக்கங்களுக்குச் சரியான தலைப்பு தருவது, மொபைல் போனில் தளம் விரைவாகத் திறக்கும்படி செய்வது, உடைந்த லிங்க்குகளைச் சரி செய்வது, மக்கள் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடுகிறார்கள் என்று கண்டறிவது ஆகியவை அவர்கள் வேலை.

கடைசியாகச் சொன்னது நம் ஊரில் மிக முக்கியம். பட்சணம் என்ற ஒரே சொல்லை ஆங்கில எழுத்துகளில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். சிலர் தமிழிலேயே டைப் செய்வார்கள். சிலர் ‘கல்யாண முறுக்கு’ என்றும், சிலர் ‘சீர் வரிசை ஸ்வீட்ஸ்’ என்றும் தேடுவார்கள். பெரியம்மாவின் தளத்தில் முறுக்கு என்ற சொல்லே இல்லை! எல்லாம் படங்களாக மட்டுமே இருந்தன. படத்தின் மேல் அழகாக எழுதியிருப்பதை நாம் படிப்பதுபோல் சர்ச் இன்ஜினும் படித்துவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. விலை, வகை, ஊர் எல்லாவற்றையும் எழுத்தாகத் தர வேண்டும்.

‘முதலிடம்’ என்பதில் உள்ள தந்திரம்

அப்படியானால் பெரியம்மாவின் பெயர் எப்படி முதலில் வந்தது? அந்த நபர் ஒவ்வொரு மாதமும் ஒரு ஸ்கிரீன் ஷாட் அனுப்பி வந்தார். அதில் தேடப்பட்டிருந்தது கடையின் முழுப் பெயர். அந்தப் பெயரில் உலகில் வேறு கடையே கிடையாது! ஒருவரே ஓடும் பந்தயத்தில் முதல் பரிசு வாங்குவது பெரிய காரியமா? கடையின் பெயர் தெரிந்தவர் ஏற்கெனவே வாடிக்கையாளர். பெயர் தெரியாதவர் தேடும்போது வர வேண்டும் என்பதற்காகத்தானே பணம் தருகிறோம்?

யாராலும் கூகுளில் முதலிடத்திற்கு உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தன் உதவிப் பக்கங்களில் எழுதி வைத்திருக்கிறது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு தளத்தை மேலே ஏற்றுவதில்லை என்றும் சொல்கிறது. பணம் கட்டி வருவது விளம்பரம் மட்டுமே. அதன் அருகில் ‘ஸ்பான்சர்டு’ என்று போட்டிருக்கும். "முதலிடம்" என்று சொல்பவர் விளம்பரத்தைச் சொல்கிறாரா, சாதாரண முடிவுகளைச் சொல்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விளம்பரம் என்றால் பணம் நின்ற அன்றே அதுவும் நின்றுவிடும்.

இது சிறு கடைகளின் பிரச்னை மட்டும் அல்ல. தன் பெயரை ஒட்டிய சொற்களைத் தேடும்போது போட்டியாளர்களின் விளம்பரங்கள் வருவதாக, சென்னையைச் சேர்ந்த பாரத்மேட்ரிமோனி நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தில் கூகுள் மீது வழக்குத் தொடர்ந்தது. 2010-ல் அதில் தீர்ப்பு வந்தது. பின்னர் அதே நிறுவனம் கொடுத்த புகாரிலும், ஒரு நுகர்வோர் அமைப்பு கொடுத்த புகாரிலும், தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாக இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தேடல் பக்கத்தின் இடம் எவ்வளவு விலைமதிப்புள்ளது என்பதற்கு இதுவே சாட்சி.

குறுக்கு வழியில் போனால்...

சில நிபுணர்கள் குறுக்கு வழிகளைப் பயன்படுத்துவதுண்டு. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் சொற்களை நிரப்புவது, கூகுளுக்கு ஒரு பக்கமும் நமக்கு ஒரு பக்கமும் காட்டுவது, காசு கொடுத்து ஆயிரக்கணக்கில் லிங்க் வாங்குவது போன்றவை இவை. மாட்டிக்கொண்டால் தண்டனை நிபுணருக்கு அல்ல, உங்கள் தளத்திற்கு.

2006 பிப்ரவரியில் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மனி தளத்தையே கூகுள் தன் பட்டியலிலிருந்து நீக்கியது. 2011-ல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளின் தளம், அதை நோக்கி எங்கெங்கோ வைக்கப்பட்டிருந்த செயற்கை லிங்க்குகள் பத்திரிகையில் அம்பலமானபின், கீழே தள்ளப்பட்டது. 2012 ஏப்ரலில் வந்த ‘பென்குயின்’ மாற்றம் இத்தகைய லிங்க் வியாபாரத்தைக் குறிவைத்தே கொண்டு வரப்பட்டது. பெரிய நிறுவனங்கள் எழுந்துவிடும். நம் வீட்டுத் தொழில் தாங்குமா?

இன்னொன்று. ‘மெட்டா கீவேர்டு’ சேர்ப்பதற்கு என்று தனிக் கட்டணம் கேட்டால் தர வேண்டாம். அதைத் தன் வரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. பெரியம்மாவின் பில்லில் இதற்கு மட்டும் 6,000 ரூபாய் போட்டிருந்தார்கள்.

இப்போது "ஏ.ஐ. பதில்களில் உங்கள் பெயரை வரவைக்கிறேன்" என்றும் இமெயில்கள் வருகின்றன. தேடல் முடிவுகளுக்கு மேலே ஏ.ஐ. தொகுத்துத் தரும் பதில், இந்தியாவில் 2024 ஆகஸ்டில் அறிமுகமானது. அதில் இடம்பெறத் தனியான ஏற்பாடு எதுவும் தேவையில்லை என்பதே கூகுள் தரும் விளக்கம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

நிபுணரை அமர்த்தும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிடுங்கள்.

1. டொமைன் பெயர் யார் பெயரில், யார் இமெயிலில் பதிவாகும்? "உங்கள் பெயரில்" என்பதைத் தவிர வேறு பதிலை ஏற்காதீர்கள்.

2. எந்தெந்தச் சொற்களுக்காக வேலை செய்யப் போகிறீர்கள்? அந்தச் சொற்களை மக்கள் தேடுகிறார்கள் என்பதற்கு என்ன ஆதாரம்?

3. என் தளத்தில் எதை மாற்றுவீர்கள், ஏன்? "அது எங்கள் ரகசியம்" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. வெளியிலிருந்து லிங்க் எப்படிக் கொண்டு வருவீர்கள்? எண்ணிக்கை சொல்லி விற்றால் உஷார்.

5. பலன் தெரிய எவ்வளவு காலம் ஆகும்? பெரும்பாலும் நான்கு மாதம் முதல் ஓராண்டு ஆகும் என்பது கூகுள் தரும் கணக்கு.

6. முன்பு வேலை செய்து கொடுத்த இரண்டு கடைக்காரர்களிடம் நான் பேசலாமா?

7. ஒப்பந்தம் முடிந்தால் என்னென்ன என்னிடம் ஒப்படைப்பீர்கள்?

சாவி உங்களிடம் இருக்கட்டும்

கூகுள் சர்ச் கன்சோல் என்று ஒரு இலவச வசதி உள்ளது. 2015 வரை இதன் பெயர் வெப்மாஸ்டர் டூல்ஸ். இதில் உங்கள் ஜிமெயில் கணக்கு மூலம் நீங்களே உரிமையாளராகப் பதிவு செய்திடுங்கள். பிறகு செட்டிங்ஸ் பகுதியில் பயனாளர் அனுமதி என்ற பிரிவுக்குச் சென்று நிபுணரின் இமெயிலைச் சேர்க்கலாம். வேலை முடிந்ததும் நீக்கிவிடலாம். பாஸ்வேர்டை யாருக்கும் தர வேண்டியதில்லை.

இதில் பெர்பார்மன்ஸ் என்ற பகுதியைக் க்ளிக் செய்தால், மக்கள் எந்தச் சொல்லைத் தேடியபோது உங்கள் தளம் காட்டப்பட்டது, எத்தனை பேர் க்ளிக் செய்தார்கள் என்பது தெரியும். கடந்த 16 மாதக் கணக்கு கிடைத்திடும். நிபுணர் அனுப்பும் ஸ்கிரீன் ஷாட்டை நம்ப வேண்டாம். இந்தக் கணக்கைப் பாருங்கள். பெரியம்மாவின் கணக்கைத் திறந்து பார்த்தபோது, க்ளிக் செய்தவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கடைப் பெயரையே டைப் செய்திருந்தார்கள்.

நீங்களே செய்யக்கூடியது

அக்கம்பக்கத்து வாடிக்கையாளர்களை நம்பி இருக்கும் தொழில் என்றால் முதலில் கூகுள் பிசினஸ் ப்ரொபைல் அமைத்திடுங்கள். இது இலவசம். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். கடைப் பெயர், தெரு, பின்கோடு, போன் எண், திறக்கும் நேரம், படங்கள் ஆகியவற்றைத் தந்து சரிபார்ப்பை முடித்தால் மேப்பிலும் தேடலிலும் உங்கள் கடை தெரியத் தொடங்கும். வாங்கிச் சென்றவர்களிடம் உண்மையான கருத்தை எழுதச் சொல்லுங்கள். காசுக்கு ரெவ்யூ வாங்காதீர்கள். அது கூகுளின் விதிகளுக்கு எதிரானது. இதைச் செய்து சில மாதம் பார்த்துவிட்டு, பிறகும் தேவை என்றால் நிபுணரிடம் போகலாம்.

பெரியம்மாவின் கதை எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். ஒப்பந்தத்தைத் தொடர விருப்பமில்லை என்றதும், டொமைன் தன் பெயரில் இருப்பதாகவும், வேண்டுமானால் 15,000 ரூபாய் கொடுக்கும்படியும் அந்த நபர் சொன்னார். எழுத்தில் எதுவும் இல்லாததால் எங்களால் வாதாட முடியவில்லை. புதிய பெயரை நானே அவர் இமெயிலில் பதிவு செய்து கொடுத்தேன். பிசினஸ் ப்ரொபைலும் அந்த நபரின் கணக்கில்தான் இருந்தது. கூகுளிடம் உரிமை கோரி விண்ணப்பித்து அதை மீட்டோம்.

ஆனால் பழைய முகவரியோடு 2,000 லேபிள்கள் தீபாவளிக்காக அச்சடித்து வைத்திருந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் புதிய முகவரிச் சீட்டை ஒட்டினோம். "போறது விடுடா, பசை நல்லா ஒட்டறது" என்றார் பெரியம்மா. முதல் போனிலேயே பத்து நிமிடம் ஒதுக்கி, மேலே உள்ள ஏழு கேள்விகளை அவருக்குச் சொல்லியிருந்தால் அந்த வேலையே வந்திருக்காது. உங்கள் வீட்டில் யாராவது இப்படிக் கேட்டு உங்களுக்குப் போன் செய்தால், அந்தப் பத்து நிமிடத்தைத் தவறாமல் ஒதுக்குங்கள்.