வட்ட அரமா, சதுர அரமா? ஒரு செயின்சா பல்லுக்குள்ள இருக்கிற கணக்கு

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது. மரம் அறுக்கிற செயின்சாவோட பல்லைப் பத்திப் பேசப் போறோம். அந்தப் பல்லை வட்ட அரத்தால தீட்டணுமா, சதுர அரத்தால தீட்டணுமா? மரம் வெட்டுறவங்க நடுவுல ஓயாத சண்டை இது. "சதுரம்தான் வேகம்" என்பது ஒரு கட்சி. "வட்டம்தான் நின்னு உழைக்கும்" என்பது இன்னொரு கட்சி. ரெண்டு பேர் சொல்றதும் உண்மை. எந்த மரத்துக்கு, எந்தக் கைக்கு எது உண்மை என்பதைத்தான் பார்க்கப் போறோம்.

பல்லோட அமைப்பு

செயின்ல இருக்கிற ஒரு பல்லை நேரா முன்னாடி இருந்து பாருங்க. 'ட' எழுத்தைத் தலைகீழா கவிழ்த்து வெச்ச மாதிரி இருக்கும். மேல படுத்திருக்கிறது மேல்தட்டு. நிமிர்ந்து நிக்கிறது பக்கத்தட்டு. ரெண்டும் சேர்ற இடம் மூலை. இடம், வலம்னு பல் மாறி மாறி வரும்.

மரத்தைக் குறுக்கே அறுக்கும்போது மூலையும் பக்கத்தட்டும் முதல்ல நாரை அறுக்கும். அப்புறம் மேல்தட்டு உளி மாதிரி அந்த நாரைப் பெயர்த்துத் தூக்கும். ஆக, கஷ்டமான வேலை முழுக்க அந்த மூலை தலையிலதான் விழுது. இன்னைக்கு நாம பேசப்போற எல்லாமே அந்த ஒரு மூலையைப் பத்தினதுதான்.

ஒரு சின்ன வரலாறு. ஆரம்பகால செயின்ல கைரம்பத்துல இருக்கிற மாதிரி கூர்ப்பற்கள்தான் இருந்தன. அதைத் தீட்டியே பாதி நாள் போயிடும். 1946-ல் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ், ஒரு வண்டுப் புழு மரத்தைக் குடைவதைக் கவனித்தார். அதன் வளைந்த தாடைகள் நார் ஓடுற திசையிலும் குறுக்கேயும் ஒரே மாதிரி அறுத்தன. அதே வடிவத்தை எஃகில் செய்து, 1947-ல் போர்ட்லாந்தில் விற்கத் தொடங்கினார். சிப்பர்னு சொல்ற அந்தப் பல்லுக்குக் கூர்மூலை கிடையாது, வளைவுதான். வளைவான பல்லுக்கு வட்ட அரம் இயல்பாகப் பொருந்தியது. மூலை கூரா இருக்கிற 'ஃபுல் சிசல்' பல் பிறகு வந்தது. சண்டையும் அதோடதான் வந்தது.

வட்ட அரம் என்ன செய்யுது?

வட்ட அரம் பல்லுக்கு அடியில ஒரு குழிவு எடுக்கும். அரத்தோட உயரத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு மேல்தட்டுக்கு மேலே தெரியணும். இன்னும் கீழே இறங்கினா விளிம்பு கொக்கி மாதிரி மெலிஞ்சிடும், வேகமா அறுக்கும், சீக்கிரம் மழுங்கும். மேலே ஏறினா விளிம்பு மொண்ணையாகி மரத்தைப் பிடிக்காது. 3/8 பிட்ச் செயினுக்குப் பெரும்பாலும் 5.5 மில்லிமீட்டர் அரம், .325 பிட்சுக்கு 4.8. இதுக்கெல்லாம் மலிவான வழிகாட்டிக் கருவி கிடைக்கும். கொஞ்சம் கை தவறினாலும் பல் ஓரளவு அறுக்கும்.

சதுர அரம் என்ன செய்யுது?

பேர்தான் சதுரம். மூணு பட்டை, ஆறு பட்டை, ரெண்டு பக்கமும் சாய்வு இருக்கிற தட்டைன்னு வகைகள் உண்டு. இது குழிவுக்குப் பதிலா ரெண்டு தட்டையான முகங்களை உருவாக்கும். ரெண்டும் சந்திக்கிற கோடு நேரா பல்லோட மூலையில் போய் முடியும். அதனால மூலை உளி முனை மாதிரி சுத்தமா இருக்கும், நாரை அறுக்கத் தேவைப்படும் விசை குறையும்.

சிக்கல் என்னன்னா, அரத்தோட விளிம்பு பல்லோட மூலையில் மிகச் சரியா உட்காரணும். முடி அளவு விலகினாலும் சதுரத்தால கிடைக்கிற லாபம் போயிடும். பூதக்கண்ணாடி வெச்சுப் பார்த்து ராவுறவங்க உண்டு. வட்ட அரத்தை உள்ளிருந்து வெளியே தள்ளுவாங்க. சதுர அரத்தை வழக்கமா வெளியிலிருந்து உள்ளே. மூலை வளைஞ்ச 'செமி சிசல்' செயினுக்கு இது ஆகவே ஆகாது.

யாருக்கு எது?

ஒரு கணக்கு போடுவோம். 3/8 பிட்ச் செயின், 7 பல் ஸ்ப்ராக்கெட். ஒரு சுற்றுக்குச் செயின் சுமார் 133 மில்லிமீட்டர் நகரும். நிமிஷத்துக்கு 10,000 சுற்றுன்னா நொடிக்கு சுமார் 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்துல பல் மணலைத் தொட்டா என்ன ஆகும்? மணல்ல இருக்கிற குவார்ட்ஸ் பல்லோட எஃகை விடக் கடினமானது. முதல்ல போறது அந்த மெல்லிய மூலைதான். சவரக் கத்தியால முள்ளு வெட்டின கதைதான்.

அதனாலதான் சதுர அரம் அமெரிக்காவின் வடமேற்குக் கரையில் வேரூன்றியது. அங்கே டக்ளஸ் ஃபர் மாதிரி பெரிய, மெல்லிய நாருள்ள மரங்கள். நின்ன மரத்தை அறுக்கிறதால பட்டையில மண் குறைவு. அறுத்த மரத்தோட அளவுக்குக் கூலி வாங்கும் வழக்கமும் இருந்தது, அதனால வேகம்னா காசு.

வேகம் உயிர் விஷயமும்கூட. முன்னாடி நல்லா சாய்ஞ்ச மரத்தைப் பின்பக்கமிருந்து அறுக்கும்போது ரம்பம் மெதுவா போனா, அறுத்து முடியுறதுக்குள்ள மரம் சாய ஆரம்பிக்கும். அடிமரம் நெட்டுக்குப் பிளந்து பின்பக்கமா எகிறும். அங்கே இதுக்கு 'பார்பர் சேர்'னு பேர். பக்கத்துல நிக்கிறவர் தப்பிக்க நேரமே இருக்காது.

ஆனா இதுக்குத் தீர்வு சதுர அரம் மட்டும்தானா? இல்லை. மழுங்கின சதுரப் பல்லை விட, அஞ்சு நிமிஷம் முன்னாடி தீட்டின வட்டப் பல் வேகமா அறுக்கும். பெஞ்ச்மார்க்ல வர்ற நம்பர் வேற, ப்ரொடக்‌ஷன்ல நாள் முழுக்க ஓடுறது வேற, இல்லையா? காட்டுல, கட்டை மேல உட்கார்ந்து, உங்க கையால திரும்பக் கொண்டுவர முடியுற கூர்மைதான் உங்க கூர்மை.

அதனால தரையில கிடக்கிற மரம், புயல்ல விழுந்து மண் அப்பின மரம், விறகு: வட்ட அரம் போதும். சுத்தமான பெரிய மரம், தினசரித் தொழில், பழகின கை: அப்போ சதுரத்தைக் கத்துக்கலாம்.

எதை எடுத்தாலும் மூணு விஷயம் மாறாது. ஒண்ணு, செதில் பறந்தா பல் கூர், மாவு மாதிரி தூள் கொட்டினா மழுங்கல். உடனே நிறுத்துங்க, அழுத்தாதீங்க. ரெண்டு, மேல்தட்டுல அடிபட்ட குரோம் பூச்சு முழுசா போற வரைக்கும் ராவுங்க. மூணு, பல்லுக்கு முன்னாடி இருக்கிற டெப்த் கேஜ் பெரும்பாலான செயின்ல 0.65 மில்லிமீட்டர் தாழ இருக்கணும். அதை ரொம்பக் குறைச்சா செயின் மரத்தைக் கவ்வி, ரம்பம் ஆள் மேல எகிற வாய்ப்பு கூடும்.

இந்த எபிசோட் இவ்வளவுதான். செயின்சா வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா அனுப்பி வைங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.