பொள்ளாச்சி வட்டாரத்தில் மகப்பேறு மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்தல்

மகப்பேறு மருத்துவமனைத் தேர்வு என்பது கருவுற்ற பெண்ணும் அவரது குடும்பத்தினரும் பேறுகாலப் பரிசோதனை, பிரசவம், பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு ஆகியவற்றுக்கான மருத்துவமனையையும் மருத்துவரையும் முன்கூட்டியே முடிவு செய்வதாகும். 2019-21 ஆம் ஆண்டுகளில் நடந்த ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 99.6 விழுக்காட்டுப் பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நடந்தன. ஆகவே, வீட்டிலா மருத்துவமனையிலா என்ற கேள்வி இன்று பெரும்பாலும் இல்லை. எந்த மருத்துவமனை என்பதே கேள்வி.

இடமும் தொலைவும்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் தென்பகுதியில் உள்ள பொள்ளாச்சி, கோவை நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவில் உள்ளது. பொள்ளாச்சியில் அரசு தலைமை மருத்துவமனையும் பல தனியார் மருத்துவமனைகளும் உள்ளன. சுற்றுப்புறக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் இயங்குகின்றன. கூடுதல் சிகிச்சை தேவைப்படுவோர் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ கோவையின் தனியார் மருத்துவமனைகளுக்கோ அனுப்பப்படுகின்றனர்.

வால்பாறையின் நிலை வேறு. அங்கிருந்து பொள்ளாச்சிக்கு வர, 40 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதையில் சுமார் 65 கி.மீ. பயணம் செய்ய வேண்டும். மழைக்காலத்திலும் இரவிலும் இப்பயணம் நீளும். ஆனைமலையின் பழங்குடிக் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து சாலைக்கு வரவே நேரம் பிடிக்கும். ஆகவே, மலைப்பகுதிப் பெண்கள் பிரசவ நாளுக்குச் சில நாட்கள் முன்பே கீழே வந்து, மருத்துவமனையிலோ அதன் அருகே உறவினர் வீட்டிலோ தங்குவது பாதுகாப்பானது.

மூன்று தாமதங்கள்

தாய் இறப்புக்கான சூழ்நிலைகளை ஆராய்ந்த ததியஸ், மெய்ன் ஆகிய இருவர் 1994 இல் 'மூன்று தாமதங்கள்' என்ற விளக்கத்தை முன்வைத்தனர். மருத்துவ உதவி நாடலாம் என்று முடிவெடுப்பதில் ஏற்படுவது முதல் தாமதம். மருத்துவமனையைச் சென்றடைவதில் ஏற்படுவது இரண்டாவது. சென்ற பிறகு தக்க சிகிச்சை கிடைப்பதில் ஏற்படுவது மூன்றாவது. பிரசவத்துக்குப் பின் ஏற்படும் கடும் குருதிப்போக்கு, சிகிச்சை இல்லையெனில் சுமார் இரண்டு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடும். அருகில் உள்ள மருத்துவமனை இரண்டாவது தாமதத்தைக் குறைக்கும். ஆனால் அங்கு இரத்தமோ மயக்க மருந்து நிபுணரோ இல்லையெனில் மூன்றாவது தாமதம் கூடிவிடும். தொலைவு, வசதி ஆகிய இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே சரியான தேர்வு.

மருத்துவ நிலையங்களின் படிநிலைகள்

ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிக்கலற்ற சுகப்பிரசவங்கள் நடைபெறுகின்றன. பல நிலையங்களில் செவ்வாய்க்கிழமைகளில் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனை நடக்கிறது. அவசர அறுவை சிகிச்சை, இரத்தம், பச்சிளங்குழந்தை சிகிச்சை ஆகியவற்றை நாள் முழுவதும் வழங்கும் பெரிய அரசு மருத்துவமனைப் பிரிவுகள் 'சீமாங்க்' மையங்கள் எனப்படுகின்றன.

கீழ்க்கண்ட நிலைகளில் தொடக்கத்திலிருந்தே பெரிய மருத்துவமனையைத் தேர்வது நல்லது:

- முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தால்
- இரட்டைக் குழந்தைகள் என்றால்
- இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால்
- கர்ப்பகால நீரிழிவு, இதய நோய், வலிப்பு நோய் இருந்தால்
- நஞ்சுக்கொடி கருப்பை வாயை மூடியிருந்தால்
- ஹீமோகுளோபின் அளவு 7 கிராமுக்குக் கீழே இருந்தால்
- தாயின் இரத்த வகை ஆர்.எச். நெகட்டிவ் என்றால்

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தை குறைப்பிரசவக் குழந்தை ஆகும். குறைப்பிரசவம் எதிர்பார்க்கப்பட்டால், பிறந்த பின் குழந்தையை வேறு ஊருக்குக் கொண்டு செல்வதைவிட, பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குத் தாயை முன்பே அனுப்புவது பாதுகாப்பானது.

தாய்வீட்டுப் பிரசவமும் ஆவணங்களும்

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழர் வழக்கம். கொங்கு நாட்டில் கட்டுச்சோறு விருந்துக்குப் பின் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்வர். திருப்பூரிலோ ஈரோட்டிலோ ஏழு மாதங்கள் பரிசோதனை செய்துகொண்ட பெண், கடைசி மாதங்களில் பொள்ளாச்சியில் ஒரு புதிய மருத்துவரிடம் வருகிறார். அவரது பழைய ஸ்கேன் அறிக்கைகளும் இரத்தப் பரிசோதனை முடிவுகளும் கையில் இல்லையெனில், புதிய மருத்துவருக்கு அவரது கர்ப்பத்தின் வரலாறு தெரியாது. குறிப்பாக, தொடக்க மாதங்களில் எடுத்த ஸ்கேன் இருந்தால்தான் பிரசவத் தேதியைச் சரியாகக் கணிக்க முடியும்.

எனவே, தாய்வீட்டில் பிரசவம் என்று முடிவாகியிருந்தால், அங்குள்ள மருத்துவரை ஆறாம் மாதத்துக்குள் ஒருமுறையாவது பார்த்துவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் கர்ப்பிணிகள் அனைவரும் 'பிக்மி' எண் பெற வேண்டும். கிராம சுகாதார செவிலியர் வழியாக இதைப் பதிவு செய்யலாம். தனியார் மருத்துவமனைக்குச் செல்வோருக்கும் இது பொருந்தும். பின்னர் பிறப்புச் சான்றிதழ் பெறவும் இந்த எண் கேட்கப்படும். பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

மகப்பேறு மருத்துவர்கள் எம்.டி., எம்.எஸ்., டி.என்.பி., டி.ஜி.ஓ. போன்ற பட்டங்களில் ஒன்றைப் பெற்றிருப்பர். அவர்களது பதிவைத் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் பட்டியலில் சரிபார்க்கலாம். தனியார் மருத்துவமனைகள் 1997 ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். மருத்துவரிடம் பின்வரும் கேள்விகளைத் தயங்காமல் கேட்கலாம்:

- இரவிலும் விடுமுறை நாளிலும் பிரசவ வலி வந்தால் யார் பார்ப்பார்? தாங்கள் ஊரில் இல்லையெனில் யார்?
- மயக்க மருந்து நிபுணரும் குழந்தை மருத்துவரும் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்வர்?
- இரத்தம் எங்கிருந்து கிடைக்கும்?
- சிக்கல் ஏற்பட்டால் எந்த மருத்துவமனைக்கு அனுப்பப்படும்?
- பிரசவ அறையில் துணைக்கு ஒரு பெண் உடனிருக்கலாமா?
- சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் தனித்தனியே எவ்வளவு செலவாகும்? குழந்தைக்குச் சிகிச்சை தேவைப்பட்டால் அது தனிக்கட்டணமா?

கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் மருத்துவர், இடர் வரும்போதும் குடும்பத்துக்கு நிலையை விளக்கிச் சொல்வார் என்று எதிர்பார்க்கலாம்.

சிசேரியன் பற்றிய தெளிவு

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 44.9 விழுக்காட்டுப் பிரசவங்கள் சிசேரியன் மூலம் நடந்தன. அரசு மருத்துவமனைகளில் இது 36 விழுக்காடு, தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு. மக்கள்தொகை அளவில் சிசேரியன் விகிதம் 10 விழுக்காட்டைத் தாண்டும்போது, தாய் சேய் இறப்பு மேலும் குறைவதாகத் தெரியவில்லை என 2015 இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. இதைக் கொண்டு ஒரு தனிப்பட்ட பெண்ணுக்குச் செய்யப்படும் அறுவை தேவையற்றது என்று முடிவு கட்ட முடியாது. குழந்தையின் இதயத்துடிப்பு குறையும்போது அறுவையைத் தள்ளிப்போடுவது பெரும் ஆபத்து. காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது குடும்பத்தின் உரிமை.

நல்ல நேரம் பார்த்து அறுவைக்கு நாள் குறிக்கும் வழக்கமும் உள்ளது. மருத்துவக் காரணமின்றி 39 வாரங்களுக்கு முன் அறுவை செய்தால் குழந்தைக்கு மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு கூடும். நாள் குறிக்கும் பொறுப்பு மருத்துவருடையது. அவர் சொல்லும் கால எல்லைக்குள் மட்டுமே நேரம் பார்க்கலாம்.

செலவும் அரசு உதவிகளும்

அரசு மருத்துவமனைகளில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, உணவு ஆகியவை 2011 இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் திட்டத்தின்கீழ் இலவசமாகும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின்கீழ், தகுதியுள்ள ஏழைப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்கு ரூ.18,000 மதிப்பிலான உதவி, பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் தவணைகளில் வழங்கப்படுகிறது. இதற்கும் பிக்மி பதிவு தேவை. 108 அவசர ஊர்தியும், பிரசவத்துக்குப் பின் தாயையும் சேயையும் வீட்டில் கொண்டு சேர்க்கும் 102 ஊர்தியும் கட்டணமின்றி இயங்குகின்றன.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

குருதிப்போக்கு, பனிக்குட நீர் உடைதல், கடும் தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பெரியவர்களிடமோ வெளியூரில் இருக்கும் கணவரிடமோ கேட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருப்பதே முதல் தாமதம். எந்த மருத்துவமனை, எந்த ஊர்தி, யார் துணை, யார் இரத்தம் தருவார் என்ற நான்கையும் எட்டாம் மாதத்துக்குள் தாளில் எழுதி, பரிசோதனை அட்டையுடன் வைத்திருந்தால், வலி வரும் இரவில் வீட்டில் யார் இருந்தாலும் உடனே செயல்பட முடியும்.