கணிப்பொறியின் விரைவு

வாங்கிய புதிதில் குதிரைபோல் விரைந்த கணிப்பொறி, சில ஆண்டுகள் கழிந்தபின் நத்தைபோல் ஊர்வதைப் பல இல்லங்களில் காண்கிறோம். பொறி முதுமையுற்றது எனக் கருதி, அரிதின் ஈட்டிய பொருளைச் செலவிட்டுப் புதியது வாங்குவோர் பலர். ஆனால், வண்டிச் சக்கரம் உழைப்பால் தேய்வதுபோலச் செயலி தேய்ந்து மெலிவதில்லை. அதன்மேல் ஏற்றப்படும் சுமையே ஆண்டுதோறும் மிகுகின்றது. இதனைச் சிறிது ஆராய்வோம்.

கணிப்பொறியில் செய்திகள் தங்கும் இடங்களுள் தலைமையானவை இரண்டு. ஒன்று நினைவகம்; மற்றொன்று வன்தட்டு. நினைவகம் சிறியது, ஆயினும் மிக விரைவானது. வன்தட்டு பெரியது, ஆயினும் மெதுவானது. படிப்பவனுடைய மேசையையும் வீட்டுப் பரணையும் இவற்றிற்கு ஒப்பிடலாம். மேசைமேல் உள்ள நூலைக் கைந்நீட்டி எடுத்துவிடலாம். பரண்மேல் உள்ளதை எடுக்க ஏணி வேண்டும்.

1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவியில், 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன. இன்றைய வன்தட்டு கையில் அடங்குவது. நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்வது. எனினும், படிக்கும் முனை உரிய இடத்திற்கு நகர்ந்து, வேண்டிய செய்தி தன் கீழே வரும்வரை காத்திருத்தல் வேண்டும். இதற்கு நொடியின் நூற்றில் ஒரு பங்கு ஆகின்றது. நினைவகமோ நொடியின் கோடியில் ஒரு பங்கில் விடையளிக்கும். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு ஓர் இலட்சம் மடங்காகும்!

பல செயல்நிரல்களை ஒருங்கே திறந்தால் நினைவகம் நிரம்பிவிடும். அப்போது பொறி சில பகுதிகளை வன்தட்டிற்கு அனுப்பி, வேண்டும்போது மீட்டுக்கொள்ளும். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் தொடங்கிவைக்கப்பட்ட அட்லஸ் கணிப்பொறியிலேயே இம்முறை அமைந்திருந்தது. ஆனால் போக்குவரவு அளவு கடப்பின், பொறி ஏணியில் ஏறி இறங்குவதிலேயே பொழுதைக் கழிக்கும், வேலை நடவாது. இந்நிலையின் காரணத்தைப் பீட்டர் டென்னிங் என்னும் அறிஞர் 1968-இல் விளக்கினார்.

இனி, செய்யத்தக்கவை யாவை? இன்றியமையாத கோப்புகளை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் வேண்டும். அடுத்து, நினைவகத்தை மிகுதியாகக் கொள்ளும் செயல்நிரல் எதுவெனக் காணுதல் வேண்டும். பொறியைத் திறந்தவுடன் தாமே தொடங்கும் நிரல்களுள் வேண்டாதவற்றை நிறுத்துக. வன்தட்டில் போதிய வெற்றிடம் விடுக. காற்றுவழியில் தூசி அடைந்தால் வெப்பம் மிகும். வெப்பம் மிகுந்தால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே விரைவைக் குறைத்துக்கொள்ளும். ஆதலின் தூசியை அகற்றுக. விரைவை விரும்பி, நச்சுநிரல்களைத் தடுக்கும் காவலை மட்டும் நீக்கற்க. அது கள்வனுக்குக் கதவைத் திறந்துவைப்பதாகும்.

இவற்றாலும் குறை தீராவிடின், நினைவகத்தைப் பெருக்கலாம். சுழலும் தட்டிற்கு மாற்றாக எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தை அமைக்கலாம். அதில் சுழல்வதும் நகர்வதும் இல்லையாதலால் காத்திருத்தல் பெரிதும் குறையும். பெரும்பாலும் இதற்காகும் செலவு, புதிய பொறியின் விலையில் சிறு பகுதியே.

எறியப்படும் கணிப்பொறி வெறுங்குப்பையன்று. ஈயம் முதலிய நச்சுப்பொருள்கள் அதில் இருத்தல் கூடும். அவை மண்ணையும் நீரையும் கெடுக்கும். ஆகவே, காரணம் அறிந்து குறை களைபவன் தன் பொருளையும் காக்கின்றான். தான் வாழும் நிலத்தையும் காக்கின்றான்.