கிராமப் பழஞ்சின்னங்களும் சங்க அங்கத்தினர் கடமையும்

1904-ம் ஆண்டில் இந்தியாவில் இரண்டு சட்டங்கள் ஏற்பட்டன. ஒன்று, ஐக்கிய நாணய சங்கங்களுக்கு வழி வகுத்த சட்டம். மற்றொன்று, பழைய சின்னங்களைப் பாதுகாக்கும் சட்டம். முதற் சட்டத்தைக் கிராமத்தார் விரைவில் அறிந்துகொண்டனர். அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திரூர் கிராமத்தில் ஒரு சங்கம் பதிவாயிற்று. இரண்டாவது சட்டமோ சர்க்கார் உத்தியோகஸ்தர்களுக்கும் சரித்திர பண்டிதர்களுக்கும் மட்டும் உரியதென்றே பெரும்பாலோர் எண்ணிவிட்டனர். இந்த எண்ணம் சரியன்று என்பதையும், கிராமத்திலுள்ள பழஞ்சின்னமும் சங்கத்தின் பங்குத் தொகையைப் போலவே பொதுச் சொத்து என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய தஞ்சாவூர் ஜில்லா இன்று தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என நான்காகப் பிரிந்து நிற்கிறது. காவிரியும் அதன் கிளைகளும் பாயும் இந்நெல் நாட்டில் பழஞ்சின்னம் இல்லாத கிராமத்தைக் காண்பது அரிது. 1010-ம் ஆண்டில் முற்றுப்பெற்ற இராஜராஜேச்சுரத்தை உலகம் அறியும். ஆனால் பசுபதிகோயிலை அடுத்த புள்ளமங்கையில், முதலாம் பராந்தகன் காலத்தைச் சேர்ந்த கற்றளியின் அடித்தளத்தில் ஒரு சாண் அளவுள்ள கற்களில் இராமாயணக் காட்சிகள் செதுக்கப்பட்டிருப்பதை அவ்வழியே நித்தம் செல்வோரிலும் பலர் நின்று பார்த்ததில்லை. மல்லிப்பட்டினத்துக்கு அருகில் கடற்கரையில் நிற்கும் மனோரா என்னும் அறுகோணக் கோபுரம், 1814-ல் நெப்போலியன் வீழ்ந்ததன் ஞாபகார்த்தமாக இரண்டாம் சரபோஜி மன்னர் எழுப்பியது. எங்கோ ஐரோப்பாவில் நடந்த யுத்தத்தின் முடிவு ஒரு செம்படவக் கிராமத்தின் கரையில் எட்டு அடுக்குக் கட்டடமாக நிற்கிறது.

கோயிலும் கோபுரமும் மட்டுமே பழஞ்சின்னம் என்று கருதலாகாது. கரிகாலன் கட்டியதென்று வழங்கும் கல்லணையும், கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் ஆர்தர் காட்டன் துரை அமைத்த கீழணையும் பழஞ்சின்னங்களே. ஆயினும் மற்றப் பழஞ்சின்னங்களைப் போலன்றி, இவற்றை நம்பி இன்றும் நாற்று நடப்படுகிறது. மராட்டிய மன்னர் காலத்துச் சத்திரங்கள், வாய்க்கால் மதகுகள், குளத்துப் படித்துறைகள், எல்லைக் கற்கள் ஆகியவையும் இவ்வகையிற் சேர்ந்தவையே.

இச்சின்னங்களால் குடியானவருக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்பவர் உண்டு. அவர்களுக்குக் கல்வெட்டுக்களே விடை கூறும். சங்க அங்கத்தினருக்கு நன்கு பழக்கமான விஷயங்களே அவற்றில் எழுதப்பட்டுள்ளன. அதாவது முதல், வட்டி, தவணை, பொறுப்பு ஆகியவை. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட பணம் பெட்டியில் பூட்டி வைக்கப்படவில்லை. சோழ நாட்டின் பல கிராம சபைகள் அப்பணத்தைக் கடனாகப் பெற்று, முதலை நிலையாக வைத்துக்கொண்டு, ஆண்டுதோறும் பொலிசை செலுத்தி வந்தன. பொலிசை என்பது வட்டி. அதன் விகிதமும் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. பணமாகச் செலுத்தினால் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு. நெல்லாகச் செலுத்தினால் காசு ஒன்றுக்கு மூன்று குறுணி. காசு ஒன்றுக்கு இரண்டு கலம் நெல் என்பது அக்காலத்து விலை. கலம் ஒன்றுக்குப் பன்னிரண்டு குறுணியாகையால், இரண்டு கலத்துக்கு இருபத்துநான்கு குறுணி; அதில் மூன்று குறுணி எட்டில் ஒரு பங்கு. ஆகவே பணமாகக் கொடுத்தாலும் நெல்லாகக் கொடுத்தாலும் வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டரையே. அளவில் வஞ்சனை நேராதபடி, ஆடவல்லான் என்னும் பெயர் கொண்ட மரக்காலால் நெல்லை அளக்கவேண்டும் என்றும் விதித்திருந்தனர்.

விளக்கெரிக்கும் ஏற்பாடும் இத்தகையதே. ஒரு நந்தா விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகளை இடையரிடம் ஒப்புவித்தனர். அவர்கள் நாள் ஒன்றுக்கு உழக்கு நெய் அளந்தனர். கிழ ஆடு கழிந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்புவதால், இவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று அழைத்தனர். முதல் குறையாமல் பலனை மட்டும் அனுபவிக்கும் நிரந்தர நிதி என்பதன் தத்துவத்தை இதைவிடத் தெளிவாக எடுத்துரைப்பது கடினம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கிராமத்தார் கூடிக் கடன் வாங்கி, கூடிப் பொறுப்பேற்று, கணக்கைக் கல்லிலே எழுதிவைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுவதில்லை. அச்சாட்சி அழியுமானால் கிராமம் தன் பழைய கணக்குப் புத்தகத்தை இழந்ததாகும்.

அத்தகைய கணக்குப் புத்தகத்தை எவ்வாறு காப்பது என்பதற்கு இந்நாட்டிலேயே உயர்ந்த உதாரணம் ஒன்று உள்ளது. கண்டராதித்த சோழரின் தேவியும் உத்தம சோழரின் தாயாருமான செம்பியன் மாதேவியார், பத்தாம் நூற்றாண்டில் கோனேரிராஜபுரம் முதலிய பல ஊர்களில் பழைய கோயில்களைக் கற்றளிகளாகப் புதுப்பித்தார். திருக்கோடிகாவில் திருப்பணி நடந்தபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்கள் அழிந்துவிடாதபடி, அவற்றைப் படியெடுத்துப் புதிய சுவரில் மறுபடியும் வெட்டச் செய்தனர். கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது பழைய எழுத்தைக் காப்பாற்றவேண்டும் என்னும் விதி சீமையிலிருந்து வந்ததன்று, காவிரிக்கரையிலே பிறந்தது.

பிற நாட்டாரும் இவ்விஷயத்தில் சிரத்தை காட்டியிருக்கின்றனர். இங்கிலாந்தில் 1895-ல் நேஷனல் டிரஸ்ட் என்னும் ஸ்தாபனம் ஏற்பட்டது. அது முதன்முதலாக வாங்கிய கட்டடம் அரண்மனையன்று. ஸஸெக்ஸ் பிரதேசத்தில் ஆல்பிரிஸ்டன் என்னும் சிறு கிராமத்தில், பாழடைந்து கிடந்த ஒரு பழைய கூரை வீட்டையே 1896-ல் பத்துப் பவுனுக்கு வாங்கிச் செப்பனிட்டது. இன்றும் அந்த ஸ்தாபனம் அங்கத்தினர்களின் சந்தாவைப் பெரிதும் ஆதாரமாகக் கொண்டு நடைபெறுகிறது. ராச்டேல் நகரில் 1844-ல் கூட்டுறவாளர் திறந்த சிறு கடையும் 1931 முதல் காட்சிசாலையாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சிறியதையும் சாதாரணமானதையும் காப்பதற்கு ஊராரின் கூட்டு முயற்சியே போதும் என்பதை இவை காட்டுகின்றன.

இனி, அசிரத்தையால் நேரும் நஷ்டத்தைக் கவனிக்க வேண்டும். பக்தியினால் செய்யும் காரியங்களே சில சமயம் பெருங்கேடாக முடிகின்றன. சுவரில் ஆண்டுதோறும் பூசும் சுண்ணாம்பு, எழுத்துக்களின் குழிகளை அடைத்துவிடுகிறது. அழுக்கைப் போக்குவதற்காக யந்திரத்தால் மணலைப் பீய்ச்சினால் அழுக்குடன் எழுத்தும் தேய்ந்துபோகிறது. தளவரிசைக்கும் துணி துவைக்கும் துறைக்கும் எடுக்கப்பட்ட எழுத்துக் கற்கள் பல. சிமெண்டுச் சாந்தால் இடுக்கை அடைத்தபின் ஒரு வரி மறைந்தால், அதோடு ஒரு தானமோ ஒரு நில எல்லையோ மறைந்துபோகும்.

இதனினும் பெரிய நஷ்டம் திருட்டினால் நேர்வது. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951-ல் நிலத்திலிருந்து கிடைத்த நடராஜர், பின்னர்ப் பழுது பார்க்கக் கொடுக்கப்பட்ட காலத்தில் மாற்றப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது போலி; அசல் கைமாறி அமெரிக்கா சென்றது. உண்மை வெளியாகி, வழக்கும் உடன்படிக்கையும் முடிந்து, 1986-ல்தான் அசல் இந்தியாவுக்குத் திரும்பிற்று. தஞ்சை ஜில்லாவின் பத்தூர் கிராமத்தில், பாழடைந்த சிவாலயத்தின் அருகே 1976-ல் மண் வெட்டியபோது ஒரு நடராஜர் அகப்பட்டது. கண்டெடுத்தவர் சர்க்காருக்கு அறிவிக்காமையால் அது பல கை மாறி லண்டன் சேர்ந்தது. அங்கே போலீசார் அதைக் கைப்பற்ற, வழக்கு நடந்தது. அதே ஊரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு ஒப்பிட்டும், ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தும் அதன் ஊர் நிரூபிக்கப்பட்டது. இடிந்த கோயிலாயினும் தன் சொத்தைக் கோரும் உரிமை அதற்கு உண்டென்று ஆங்கில நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. 1991-ல் நடராஜர் தாயகம் மீண்டார்.

இவ்வழக்கின் படிப்பினை யாது? தன் சொத்து இன்னது என்று காட்டக்கூடிய கிராமம் இழந்ததை மீட்கும். காட்ட முடியாத கிராமம் இழந்ததை அறியவே செய்யாது. கொள்ளிடத்துக்கு வடக்கே, ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோய் ஆஸ்திரேலியக் காட்சிசாலையை அடைந்த நடராஜர் 2014-ல் திரும்பி வந்ததற்கு முக்கிய காரணம், புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த போட்டோப்படமே. ஒரு படத்தின் செலவு எவ்வளவு, அதனால் மீண்ட பொருளின் மதிப்பு எவ்வளவு என்பதைக் கணக்கறிந்த அங்கத்தினர் எளிதில் உணர்வர்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குட்பட்ட கிராமங்களில் கீழ்க்கண்ட காரியங்களை மேற்கொள்ளலாம்.

முதலாவது, ஒரு பதிவேடு. இருப்புச் சரக்குக்குப் பதிவேடு வைப்பதைப்போலவே, கோயில், சத்திரம், மதகு, எழுத்துக் கல், தனிச் சிலை ஆகியவற்றை இடம், அளவு, தற்கால நிலை என்னும் விவரங்களோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் போட்டோப்படம் எடுத்து வைக்கவேண்டும். கோயில் திருமேனிகளை நிர்வாகத்தாரின் அனுமதியோடு முன்புறமும் பின்புறமும் படமெடுப்பது அவசியம். ஆண்டுக்கு ஒருமுறை பதிவேட்டோடு ஒப்பிட்டுத் தணிக்கை செய்யவேண்டும்.

இரண்டாவது, புதையல். நிலத்தில் சிலையோ, நாணயமோ, செப்பேடோ கிடைத்தால், 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு அறிவிப்பது கண்டெடுத்தவரின் கடமை. அறிவித்தவருக்குச் சட்டத்தில் உரிமைகள் உண்டு. மறைத்தவர் தம் பங்கை இழப்பதோடு தண்டனைக்கும் ஆளாவர். பழம்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

மூன்றாவது, திருப்பணி. எழுத்துள்ள கல்லைப் பெயர்ப்பதற்கும், தேய்ப்பதற்கும், பூசுவதற்கும் முன் தொல்பொருள் இலாகாவாரின் யோசனையைப் பெறவேண்டும். மத்திய சர்க்கார் பாதுகாப்பிலுள்ள சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் எழுப்பலாகாது. அதற்கப்பால் மேலும் இருநூறு மீட்டருக்கு அனுமதி வேண்டும். சங்கத்தின் கிடங்குக்கு மனை தேடும்போதும் இவ்விதியை மனத்திற்கொள்ள வேண்டும்.

நான்காவது, போதனை. பள்ளிச் சிறுவர்களை அழைத்துச் சென்று, தங்கள் ஊர்க் கல்லில் தங்கள் ஊர்ப் பெயர் எழுதியிருப்பதைக் காட்டவேண்டும். தன் ஊரின் பெயரைக் கல்லில் கண்ட சிறுவன் அக்கல்லின்மேல் ஆணியால் கீறமாட்டான்.

இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், படம் எடுக்கும் கருவியும், பொறுப்புணர்ச்சியுள்ள நாலு பேரும் போதும். சோழர் காலத்துச் சபையார் வாங்கிய காசும் அளந்த நெல்லும் மறைந்துவிட்டன. அவர்கள் எழுதிவைத்த கணக்கு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அக்கணக்கைப் படித்துப் பாதுகாக்கும் முறை இப்பொழுது சங்கத்தாருடையது. அடுத்த பொதுக்கூட்டத்தின் நிகழ்ச்சிக் குறிப்பில் இதற்கும் ஓர் இடம் அளிப்பார்களாயின், பணி தொடங்கியதாகவே கொள்ளலாம்.