சூடு வெளியேற வழிவிடுங்கள்

மகள் எஸ்பிஎம் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அவளுடைய மடிக்கணினியை அரை மணி நேரம் பயன்படுத்தினாலே உள்ளிருக்கும் மின்விசிறி இரையும். திரை தடுமாறும். பிறகு தானாகவே அணைந்துவிடும். “நாலு வருஷம் ஆயிடுச்சுப்பா, புதுசு வாங்கிடலாம்” என்றாள்.

செலவுக்குப் பயந்து, பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் அடிமூடியைக் கழற்றிக் காட்டினார். சீப்புப் பற்களைப்போல் நெருங்கி நின்ற உலோகத் தகடுகளுக்கு இடையில், கம்பளித் துண்டுபோல் தூசு அடைத்திருந்தது. கணினி கெடவில்லை. அதற்கு மூச்சு முட்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்த உலோகத் தகடுகளின் தொகுப்புக்குப் பெயர் ‘ஹீட் சிங்க்’. கணினிச் சில்லு இழுக்கும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே மாறுகிறது. அதை உடனுக்குடன் வெளியேற்றாவிட்டால் சில்லு நிலைக்காது. ஆனால், விரல்நகம் அளவுள்ள ஒரு பரப்பிலிருந்து அவ்வளவு சூட்டையும் காற்றால் வாங்கிக்கொள்ள முடியாது.

உணவகத்தில் தே தாரிக் ஆற்றுவதைக் கவனித்திருப்பீர்கள். குவளையில் வைத்த தேநீர் ஆற நேரமாகும். தூக்கி ஊற்றினால் அது மெல்லிய தாரையாக நீண்டு, கூடுதல் காற்றைத் தொட்டுச் சீக்கிரம் ஆறுகிறது. தேநீரை நீட்டலாம், சில்லை நீட்ட முடியாது. எனவே அதன் சூட்டை உலோகத்துக்கு மாற்றி, அந்த உலோகத்தைப் பல தகடுகளாக விரித்துவைக்கிறார்கள்.

இதற்குப் பெரும்பாலும் அலுமினியமே பயன்படுகிறது. விலையும் எடையும் குறைவு. செம்பு அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும், ஆனால் கனமானது, விலையும் அதிகம். சில்லும் உலோகமும் பார்வைக்கு வழவழப்பாக இருந்தாலும், நுண்ணிய மேடு பள்ளங்களில் காற்று தங்கிவிடும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘தெர்மல் பேஸ்ட்’ என்னும் பசையைத் தடவுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் சூடு பட்டால் அது காய்ந்துபோகும்.

இங்கே ஓர் உண்மையை நினைவில் வைக்க வேண்டும். ஹீட் சிங்க் வெப்பத்தை அழிப்பதில்லை. சுற்றியுள்ள காற்றிடம் ஒப்படைக்கிறது. ஆகவே, அது அந்தக் காற்றைவிடக் குளிர்ச்சியாக ஒருபோதும் ஆகாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். மேசைக் கணினியின் சில்லு 65 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஒவ்வொரு வாட்டுக்கும் ஹீட் சிங்க் அரை டிகிரி சூடேறுகிறது என்று வைத்துக்கொண்டால், அறையின் வெப்பத்தைவிட அது 32.5 டிகிரி கூடுதலாக இருக்கும். குளிரூட்டிய 24 டிகிரி அறையில் 56.5 டிகிரி. நம் ஊர் மத்தியான 32 டிகிரியில் 64.5. தூசு அடைத்து, வாட்டுக்கு ஒரு டிகிரி என்றாகிவிட்டால்? 97 டிகிரி! சில்லு அதைவிடவும் சூடாக இருக்கும். பல சில்லுகள் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அதற்கும் மேலே போனால் கணினி அணைந்துவிடும். மகளின் கணினி செய்ததும் இதைத்தான்.

மடிக்கணினியை மெத்தையிலோ தலையணையிலோ வைத்தால் காற்றுத் துளைகள் மூடிக்கொள்ளும். மேசையில் வையுங்கள். வைஃபை பெட்டியை மூடிய அலமாரிக்குள் பூட்டாதீர்கள். எல்இடி விளக்குக்கும் இதே விதிதான்: காற்றோட்டமில்லாத கூண்டுக்குள் அதன் ஆயுள் குறையும். தூசு தட்டும்போது கணினியை அணைத்து, மின்னிணைப்பைத் துண்டித்துவிடுங்கள். மூடியைத் திறந்து பழக்கமில்லை என்றால் தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது.

கடைக்காரர் தூசை எடுத்து, புதுப் பசை தடவிக் கொடுத்தார். மகள் தேர்வு முடியும்வரை அதே கணினியில்தான் படித்தாள். இப்போது அது மெத்தையில் ஏறுவதில்லை.