அத்தை வாசித்த படம்

எங்கள் ஊர் புதுக்கோட்டை. மன்னர் ஆண்ட புதுக்கோட்டை இல்லை. தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகிற பாதையில் இருக்கிற சின்னப் புதுக்கோட்டை. என் மாமியாருக்கு எழுத்து தெரியாது. ஆனால் பால் கணக்கு, உப்பளத்துக் கூலிக் கணக்கு எல்லாம் அடுக்களைச் சுவரில் கரிக்கோடும் சுண்ணாம்புப் புள்ளியுமாக இருக்கும். மகள் கல்யாணத்துக்குப் பெயிண்ட் அடித்தபோது, 'அசிங்கமாக இருக்கிறதே' என்று அதை நான்தான் அழிக்கச் சொன்னேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அப்புறம் கணக்கே வைக்கவில்லை. எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன வருடம் ஒரு விசேஷத்துக்காகத் திருவனந்தபுரம் போனோம். அங்கே மியூசியம் வளாகத்தில் கே.சி.எஸ். பணிக்கரின் ஓவியக்கூடம் இருக்கிறது. வெயிலுக்கு ஒதுங்கத்தான் நுழைந்தோம், உண்மையைச் சொல்ல வேண்டுமல்லவா!

பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். தந்தி இலாகாவில் வேலை பார்த்துவிட்டு, சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்து, பிற்பாடு அதற்கே முதல்வரானவர். 1966-இல் சென்னைக்குத் தெற்கே சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாகக் காரணமானவர். 1977-இல் காலமானார்.

ஆரம்பத்தில் நீர்வண்ணத்தில் இயற்கைக் காட்சிகள் தீட்டியவர், 1963-இல் 'சொற்களும் சின்னங்களும்' என்ற வரிசையைத் தொடங்கினார். ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம் அது! ஜாதகக் கட்டம், கணக்குக் குறிகள், மீன் மாதிரி, பறவை மாதிரி சின்ன உருவங்கள், நடுநடுவே பொடி எழுத்து வரிவரியாக. அடியில் மெல்லிய வண்ணப் பூச்சு. அதன்மேல் கோடும் எழுத்தும். எழுத்து மலையாளம்போல இருக்கிறது. ஆனால் மலையாளம் படித்தவர்களுக்கும் வாசிக்க வராது. வாசிப்பதற்காக அவர் எழுதவும் இல்லை. எழுத்தின் வடிவம்தான் அவருக்கு வேண்டியிருந்தது.

இது தெரியாமல் நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டிப் பார்த்துத் தோற்றுப்போனேன். அத்தை மட்டும் ஒரு படத்தின் முன்னால் நின்றுவிட்டார்கள்.

"ஏட்டி, இது கணக்குச் சுவருல்லா! வெள்ளையடிச்ச பொறவும் பழைய கணக்கு தெரியுத மாதிரி இருக்கு பாரு."

கொஞ்ச நேரம் கழித்து, "இவருக்கும் பாக்கிக்காரங்க நெறைய போலிருக்கு" என்றார்கள். காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் தொண்டை அடைத்தது.

ஊருக்கு வந்ததும் இஸ்திரிக்காரரிடம் ஒரு கரித்துண்டு வாங்கி அத்தை கையில் கொடுத்தேன்.

"புதுப் பெயிண்ட்லயா எழுதச் சொல்லுத?"

"எழுதுங்க அத்தை."

போன மாதம் பால்காரர் இரண்டு நாள் பால் கூடுதலாகக் கணக்குச் சொன்னார். அத்தை அவரை அடுக்களைக்கே கூட்டிவந்து சுவரைக் காட்டினார்கள். மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை.